சாண எரிவாயுவில் சரிபாதி

இலஞ்சி
9.6.2025

முத்துச்செல்விக்கு,

நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது, இதற்கு ஒரு கடிதமா என்று நீ சிரிக்கலாம். போனில் சொன்னால் நாளைக்கே 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே அக்கா' என்பாய். பாகம் பிரித்த அன்றைக்கே அதைப் பார்த்துவிட்டேன். எழுத்தில் இருந்தால் யாரும் மாற்றிப் பேச முடியாது. கிணற்றடி மோட்டார் அறை இரண்டு வீட்டுக்கும் பொது என்பதால் அதன் ஜன்னலில் வைக்கிறேன். பதிலையும் அங்கேயே வை.

சாண எரிவாயுக் கலன் உங்கள் பக்கம் வந்தது. சோலார் மோட்டார் எங்கள் பக்கம் வந்தது. வாயுவில் எனக்குச் சரிபாதி, தண்ணீரில் உனக்குச் சரிபாதி, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. வக்கீல் சங்கரநாராயணன் அண்ணாச்சி முன்னால் நம் வீட்டுக்காரர்கள், அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட பேச்சு இது. ஆனால் நடுச்சுவர் எழும்பிய பங்குனியிலிருந்து என் அடுப்பில் சுடர் நிற்கவில்லை. பால் பொங்குவதற்குள் எனக்குப் பள்ளிக்கூட பஸ் போய்விடுகிறது. இப்போது சிலிண்டரில்தான் சமைக்கிறேன்.

உங்கள் பக்கத்திலிருந்தோ விடிந்தால் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசனை வருகிறது. தம்பி ஐந்தருவி ரோட்டில் சீசன் கடை போட்டிருப்பதைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த எண்ணெய்ச் சட்டி எதில் காய்கிறது?

ஒன்றைத் தெரிந்துகொள். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும். சாண எரிவாயு அப்படி இல்லை. அது புதுப்பிக்கத்தக்க ஆற்றல், தினமும் வருவது. தினமும் வருகிற ஒன்றில் பாதி கொடுக்க உனக்கு என்ன கஷ்டம்?

இதன் நகல் என்னிடம் இருக்கிறது.

ஆனந்தவள்ளி


இலஞ்சி
11.6.2025

ஆனந்தவள்ளி அக்காவுக்கு,

உங்கள் மாதிரி நகல் எடுக்க எனக்குத் தென்காசிக்குப் போக நேரம் இல்லை. செல்போனில் போட்டோ பிடித்து வைத்துக்கொண்டேன். போனில் பேசாமல் இருப்பது எனக்கும் நல்லதுதான். நான் பேசுவதைப் பதிவு செய்து நீங்கள் ராமநாதபுரத்துக்கு அத்தானுக்கு அனுப்புகிறீர்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். சப்-இன்ஸ்பெக்டர் பெண்டாட்டியிடம் யோசித்துத்தானே பேச வேண்டும்.

சிப்ஸ் தென்னை மட்டையிலும் புளிய விறகிலும் பொரிகிறது. சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டாம், வாசல் வழியாக வந்தே பார்க்கலாம்.

வாயு உங்களுக்கு மட்டும் குறையவில்லை. எனக்கும் குறைந்துதான் கிடக்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். கலனின் இரும்பு மூடி வாயு நிறைந்தால் மேலே எழும்பும் என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் காலையில் போய்ப் பார்த்தால் என் இடுப்பு உயரம் நிற்கும். இப்போது முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது. நான் எடுக்கவில்லை. பிறகு எங்கே போகிறது? உங்கள் மாடியில் சீசனுக்கு இரண்டு ரூம் விட்டிருக்கிறீர்கள். சனி, ஞாயிறானால் வாசலில் கார் நிற்க இடம் இல்லை. அருவியில் குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் வெந்நீர் கேட்பார்கள். அது எதில் காய்கிறது அக்கா?

புதுப்பிக்கத்தக்கது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தினமும் புதுப்பிக்கிறது யார்? மூன்று பசுவும் இரண்டு எருமையும் நானும். சாரலில் நனைந்துகொண்டு சாணி அள்ளி, சரிக்குச் சரி தண்ணீர் விட்டுக் கரைத்து, கல்லையும் வைக்கோலையும் கையால் பொறுக்கிப்போட்டு ஊற்றுகிறேன். தானாக வருவது வெயிலும் காற்றும்தான். அந்த வெயிலை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். என் முறை அன்றைக்கு மோட்டார் நூல் பிடித்த மாதிரி ஊற்றுகிறது. உங்கள் முறை அன்றைக்கு வாய்க்கால் நிறைகிறது. பேனலில் எனக்குத் தெரியாமல் ஏதாவது சுவிட்ச் இருக்கிறதா?

முத்துச்செல்வி


இலஞ்சி
15.6.2025

முத்துச்செல்விக்கு,

சுவிட்ச் இருக்கிறது. மேலே, வானத்தில். உன் முறை நாளில் மேகம் மூடினால் அதற்கு நான் பொறுப்பு இல்லை. போன செவ்வாய்க்கிழமை என் முறைதான்; பொழுதுக்கும் சாரல். என் வாழைக்கும் தண்ணீர் இல்லை. அதை மட்டும் நீ பார்க்கவில்லை.

மாடிக்கு வெந்நீர் மொட்டைமாடி சூரியக் கொதிகலனிலிருந்து வருகிறது. சாரல் நாளில் கரண்டில் காய்கிறது. கரண்டும் இல்லாத நேரத்தில் விறகு. உன் வாயு ஒரு சொட்டு வெந்நீருக்குப் போகவில்லை.

இன்னொன்று. உங்கள் சாணிக் குழியை எங்கே மாற்றி வைத்திருக்கிறீர்கள்? சுவரை ஒட்டி இருக்கிற என் விறகு அறையில் நாற்றம் தாங்க முடியவில்லை. அழுகிய முட்டை மாதிரி. எலி செத்துக் கிடக்கிறதோ என்று மட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. சாரல் உள்ளே அடிப்பதால் ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறேன். திறந்து வைக்கவும் வழி இல்லை. சீசனுக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போகட்டும் என்பதற்காகவே குழியைச் சுவர்ப் பக்கம் தள்ளினாயா? கேட்கிறேன் என்று கோபிக்காதே. கேட்க வைக்கிறாய்.

ஆனந்தவள்ளி


இலஞ்சி
4.7.2025

அக்காவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அபி நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பாடம் நடத்துகிற ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் 'ஆற்றல் மூலங்களை வகைப்படுத்துக' என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை சூரியன், காற்று, அருவித் தண்ணீரை எல்லாம் ஒரு பக்கம் சரியாக எழுதிவிட்டு, நிலக்கரி, டீசலோடு சாண எரிவாயுவையும் 'தீர்ந்துபோவது' என்ற பக்கத்தில் எழுதியிருக்கிறாள். நீங்கள் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'வீட்டில் யார் சொல்லிக்கொடுத்தது?' என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கண்ணால் பார்த்ததை எழுதினாள். கொல்லையில் நடக்கிற சண்டையை வகுப்பில் வைத்துத் தீர்க்காதீர்கள். பெரியம்மை, பெரியம்மை என்று உங்கள் காலைச் சுற்றி வந்த பிள்ளை அவள்.

சாணிக் குழி மாமா காலத்தில் வெட்டிய இடத்திலேயே, கிழக்கு மூலையில் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு நாற்றமும் இல்லை. உங்கள் வீட்டுக்குள் இருக்கிற நாற்றத்தை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள்.

குழாயில் உங்கள் பக்கம் ஏதாவது திருகு வைத்து வேறு எங்கேயோ வாயு கொண்டுபோகிறீர்களா என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்புகிறேன். விறகு அறையையும் திறந்து காட்டுங்கள்.

முத்துச்செல்வி


6.7.2025

ஆள் அனுப்பாதே. போலீஸ்காரன் வீட்டைச் சோதனை போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? குழாயைப் பார்க்கிற சாக்கில் குழாயை அடைத்துவிட்டுப் போகவும் உன் ஆளுக்குத் தெரியும்.

அபியின் விடை தப்பு. யார் பிள்ளை எழுதினாலும் தப்புதான்.

ஆனந்தவள்ளி


தென்காசி, அரசு மருத்துவமனை
24.7.2025

முத்துச்செல்விக்கு,

இதை எழுதுவது நர்ஸ் ரஹ்மத்துன்னிசா. டீச்சருக்கு இரண்டு கையிலும் கட்டு. வலது கையில் காயம் அதிகம். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்டு போய்விட்டது. மாடியில் இருந்தவர்கள் குளித்துவிட்டு வந்து வெந்நீர் கேட்டார்கள். விறகு எடுக்க அறைக்குப் போனேன். உள்ளே இருட்டு. தீக்குச்சியைக் கிழித்தேன். தலைக்கு மேலே கூரையை ஒட்டி நீலமாக ஒரு வெளிச்சம் ஓடியது. அது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். புருவம் இல்லை, நெற்றி முடி இல்லை. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார்.

அழுகிய முட்டை நாற்றம் எது என்று இப்போது தெரிகிறது. வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான் உன்மேல் இருந்த கோபத்தில் அதைச் சாணிக் குழி என்றே நினைத்துவிட்டேன். ஆனால் வாயு குழாயை விட்டு என் அறைக்குள் எப்படி வந்தது? அதை நீதான் சொல்ல வேண்டும்.

முதலில் ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு என்னை இழுத்தவள் நீதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சுவர் இருக்கிறது, வாசல் சுற்றி வர வேண்டும். அவ்வளவு சீக்கிரம் நீ எப்படி வந்தாய்? நடக்கப்போவது தெரிந்து சுவரோரம் நின்றாயா?

(இந்த வரி வேண்டாமே டீச்சர் என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதும்மா, அப்படியே எழுது" என்கிறார்கள். எழுதிவிட்டேன். — ர.)

உன் அத்தான் ராமநாதபுரத்திலிருந்து வந்துவிட்டார். தம்பிமேல் கேஸ் கொடுப்பேன் என்று நிற்கிறார். கொலை முயற்சி என்கிற வார்த்தையெல்லாம் அவர் வாயில் வருகிறது. நான் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. உன் பதிலைப் பார்த்துக் கொடுப்பேன்.

ஆனந்தவள்ளி சொல்ல


இலஞ்சி
27.7.2025

அக்கா,

சத்தம் கேட்டது, வந்தேன். வாசல் சுற்றி வர எனக்குத் தோன்றவில்லை. சுவரோரத்து வைக்கோல் படப்பில் ஏறி உங்கள் பக்கம் குதித்தேன். முழங்கால் இன்னும் மடக்க முடியவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். இதற்குமேல் அந்த வரியைப் பற்றி எழுத மாட்டேன்.

உங்களை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு வந்ததும் முதல் வேலையாக உங்கள் பக்கம் போகிற குழாயின் வால்வை அடைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கலனின் மூடி இடுப்பு உயரம் எழும்பி நிற்கிறது. அத்தனையும் நீங்கள்தான் இழுத்திருக்கிறீர்கள், ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் கள்ளி கள்ளிதான் என்று நினைத்தேன். அபியிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவள்தான் கேட்டாள்: "பெரியம்மை சிலிண்டர்லதானம்மா சமைக்காவ? மாசம் ஒண்ணு வாங்குதாவ, நான் பாத்திருக்கேன். அப்பம் இவ்வளவு வாயுவும் எங்கன போச்சு?"

உங்கள் அடுப்புக்கும் வரவில்லை, என் அடுப்புக்கும் இல்லை.

வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, குழாய் போகிற வழியெல்லாம் சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனேன். சுவரின் அடியில் நுரை கொப்புளம் கொப்புளமாக வந்தது. வால்வை மூடிவிட்டு மம்பட்டியால் தோண்டினேன். சுவருக்குக் கீழே குழாய் பிளந்து கிடக்கிறது. பிளவைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப், அதன்மேல் கட்டுக்கம்பி, அதற்கும்மேல் ஒரு கை சிமெண்ட். அது எல்லாம் வெடித்துப்போய், வாயு உங்கள் பக்கத்து அஸ்திவாரக் கல் இடுக்கு வழியாக நேராக விறகு அறைக்குள் போயிருக்கிறது.

சுவர் கட்டிய நயினார் கொத்தனாரை வேலை நடக்கிற இடத்திலேயே போய்ப் பிடித்தேன். அவன் தலையைச் சொறிந்தான். "அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கடப்பாரை பட்டு குழாய் போச்சுக்கா. நிறுத்திட்டு வேற குழாய் போடலாம்னுதான் நான் சொன்னேன். அண்ணாச்சிதான், 'டீச்சர் காதுல விழுந்தா சுவர் வேலையே நின்னுரும்லே, பேசாம சுத்தி விடு'ன்னாவ."

அண்ணாச்சி என்றால் என் வீட்டுக்காரர்தான். சொரிமுத்துதான்.

கடையிலிருந்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் கேட்டேன். முதலில் இல்லை என்றார். குழியைக் காட்டினேன். அப்புறம் சொல்கிறார்: "காத்து போற குழாய்தானட்டி. கொஞ்சம் போனா போவுதுன்னு நெனச்சேன். இப்படி ஆவும்னு நான் கண்டனா?" நாங்கள் இரண்டு பெண்டுகளும் சீசன் முழுக்க வாயு வாயு என்று ஒருத்தரை ஒருத்தர் குதறிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்திருக்கிறார். "அப்பம் ஏன் வாயத் தெறக்கல?" என்று கேட்டதற்கு, "நாளாக நாளாகச் சொல்ல முடியாமப் போச்சு" என்கிறார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் படாத பாடு பட்டேன். சொன்னால் அத்தான் இவரைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைப்பார். பிள்ளை இருக்கிறாள், கடை இருக்கிறது. குழியை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மண்ணைத் தள்ள மம்பட்டியைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு, நான் ஒரு உயிரை எரிக்கக் காத்துக்கொண்டு நின்றவள் என்று நீங்கள் கடைசி வரை நினைப்பீர்களே என்று வந்தது. அதை என்னால் தாங்க முடியாது.

குழியை மூடவில்லை. மேலே தகரம் போட்டு வைத்திருக்கிறேன். அத்தானோ போலீசோ யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும்.

முத்துச்செல்வி


தென்காசி, அரசு மருத்துவமனை
30.7.2025

முத்துச்செல்விக்கு,

உன் கடிதத்தை இந்த நர்ஸ் பெண்ணைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் இதில் உனக்கு என்ன லாபம் என்றே யோசித்தேன். குழியை நீயே தோண்டி, டியூபை நீயே சுற்றியிருக்கலாம். கொத்தனார்மேல் பழி போய் முடியட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் பழியை மாற்றுகிறவள் கட்டின புருஷன்மேல் கொண்டுபோய் வைக்க மாட்டாள். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் சந்தேகம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

உன் அத்தானிடம் இதைக் காட்டவில்லை. தலையணைக்கு அடியில் இருக்கிறது.

ஆனால் நீ எழுதினால் போதாது. ஊரில் இருக்கிறவர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டார்கள். தம்பி மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவன் வர வேண்டும். அவன் அண்ணன் இருக்கும்போதே வர வேண்டும். வாயால் சொல்ல வேண்டும். வந்தால்தான் உன் கடிதத்தை நான் நம்புவேன்.

ஆனந்தவள்ளி சொல்ல

(டீச்சருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்கள். இதை நானாக எழுதுகிறேன். — ர.)


இலஞ்சி
10.8.2025

செல்விக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். இடது கையில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. அந்தக் கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

தம்பி வந்த கதையை அவன் உன்னிடம் எப்படிச் சொன்னானோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன். சாத்துக்குடிப் பையோடு வார்டு வாசலில் வெகுநேரம் நின்றான். உன் அத்தான் "என்னலே?" என்றார். அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "மதினி, நான்தான். குழாய் ஒடஞ்சது எனக்குத் தெரியும்" என்றான். உன் அத்தான் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். அவன் கையைத் தட்டிவிடவில்லை, அப்படியே நின்றான். சின்ன வயதில் இவர் அடிக்கும்போதும் அப்படித்தான் நிற்பானாம். உன் அத்தானே பிறகு சொன்னார்.

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். சுவர் கட்டும்போது குழாய் சேதமானது, யாரும் என்னைக் கொல்ல நினைத்துச் செய்யவில்லை, நாற்றம் தெரிந்தும் அறையைத் திறந்து வைக்காமல் தீக்குச்சி கிழித்தது நான், யார்மேலும் நடவடிக்கை வேண்டாம் என்று சொன்னேன். உன் அத்தானுக்குக் கோபம். சொல்லிக்கொள்ளாமல் டியூட்டிக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. நீ எனக்கு ஒரு கடிதம் எழுதியதற்கு நான் என் வீட்டில் கொடுத்த விலை அது.

இதனால் உன்னை நம்பிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பங்குனியிலிருந்து ஆடி வரை உன் வீட்டுக்காரனுக்குத் தெரிந்தது, ஒரே தலையணையில் படுக்கிற உனக்குத் தெரியாது என்பதை என் மனசு இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஏற்கும்போது சொல்கிறேன்.

புதுக் குழாய் போடுவதானால் மண்ணுக்குள் வேண்டாம். சுவருக்கு மேலே, இரண்டு வீட்டுக் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி போகட்டும். இரண்டு பக்கமும் வால்வு இருக்கட்டும்.

இன்னொன்று எழுத வேண்டும். காலையிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். மகள் கிருபாவுக்குக் கோயம்புத்தூரில் செமஸ்டர் பரீட்சை, அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்து டீச்சர்மார் சோறு கொண்டுவருகிறார்கள். ஆனால் தீப்பிடித்த அன்றைக்குப் பிறகு தலைக்குக் குளிக்கவில்லை. முடி கருகிய வாடை எனக்கே அடிக்கிறது. வலது கையைத் தூக்க முடியவில்லை. வெளியாட்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

ஆனந்தவள்ளி


இலஞ்சி
10.8.2025

அக்கா,

நாளைக் காலையில் மாட்டு வேலை முடித்துவிட்டு வாசல் வழியாக வருகிறேன். அபியும் வருவேன் என்கிறாள். இவர் வரமாட்டார், வரச் சொல்லவும் மாட்டேன். எங்கள் வீட்டிலும் இப்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சாப்பிடுவதில்லை.

சீயக்காய் கொண்டு வருகிறேன். விறகும் கொண்டு வருகிறேன். உங்கள் வீட்டுக்குள் எதையும் பற்ற வைக்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. முற்றத்தில் மூன்று கல் வைத்து வெந்நீர் போட்டுக்கொள்ளலாம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நெற்றியில் புதுத்தோல் வந்த இடத்தில் கை படாமல் மெதுவாகத்தான் தேய்ப்பேன்.

என்னை நம்புவதும் நம்பாததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தலையை மட்டும் குனிந்து கொடுங்கள்.

செல்வி